ஓடி முடித்த நாய்க்குச் சென்னையில் ஒரு வீடு: கிரேஹவுண்டா, சிப்பிப்பாறையா, தெரு நாட்டு நாயா?

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டைத் தத்தெடுக்கலாமா? நம்ம ஊர் வேட்டை நாய்களான சிப்பிப்பாறையோ கன்னியோ போதாதா? இரண்டும் வேண்டாம், தெருவில் திரியும் நாய்க்கே ஒரு வாழ்வு கொடுத்துவிடலாமா? சென்னையில் பலர் இந்த மூன்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் தயங்கி நிற்கிறார்கள். படித்துத் தெளிவு பெறலாம் என்று போனால், கிரேஹவுண்ட் தத்தெடுப்பைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் எழுதப்பட்டவை. நாயின் சுபாவம், பயம், பழக்கம் பற்றி அவற்றில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குளிருக்குக் கோட்டு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம், மதியம் நடை என்று வரும் பக்கங்கள் வேளச்சேரி மூன்றாம் மாடிக்கு உதவாது. மதிய நடை மே மாதச் சென்னையில் நாயின் உயிரையே வாங்கிவிடும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் பொறுப்பானவர்கள் இருவர் இருந்தால், கைவிடப்பட்ட வளர்ந்த சிப்பிப்பாறை அல்லது கன்னிதான் சென்னைக்கு முதல் தேர்வு. ஏசி அறை, கிரேஹவுண்டைத் தெரிந்த மருத்துவர், வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைக் கதவு மூன்றும் இருந்தால் கிரேஹவுண்ட் அருமையான வீட்டு நாய். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். பூனை இருக்கும் வீட்டுக்கு நாட்டு நாய். குட்டி வாங்குவது பெரும்பாலானவர்களுக்குத் தவறான தேர்வு.

## எதை வைத்து முடிவு செய்வது

கதவு. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "ஓடுற நாயாச்சே, ஓட இடம் இருக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, "வெளியே ஓடிவிடாமல் இருக்க என்ன இருக்கிறது?" என்பது. கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள் இவை. ஒரு பூனை சாலையைக் கடந்தால், பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. கிரேஹவுண்டின் உச்ச வேகம் மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டர். டெலிவரி வரும்போது கதவை முழங்காலால் அடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிற பழக்கம் இருக்கும் வீட்டில், ஒரே நொடியில் நாய் நூறடி சாலையில் நிற்கும்.

வெயிலும் புழுக்கமும். நாய் மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் நிறைந்த ஊரில் அது பாதிதான் வேலை செய்யும். கடற்காற்று தாமதமாக நுழையும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே சிக்கல்தான்.

மருத்துவர். மயக்க மருந்தும் ரத்தப் பரிசோதனை எண்களும் இந்த இனங்களுக்கு வேறு மாதிரி. கீழே விரிவாக வருகிறது.

வீட்டில் யார் யார். பூனை, தவழும் குழந்தை, தடுமாறி நடக்கும் பாட்டி, காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்கு வரும் வேலை, எல்லாமே கணக்கில் சேரும். வாடகை வீடு என்றால் ஓனரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எந்த நாயானாலும் மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப், ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி உண்டு. அந்தச் செலவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

| | ஓய்ந்த கிரேஹவுண்ட் | வளர்ந்த சிப்பிப்பாறை / கன்னி | தெரு நாட்டு நாய் |
|---|---|---|---|
| எடை | 27–36 கிலோ | 15–22 கிலோ | 15–22 கிலோ |
| உலர் தீனி, ஒரு நாளைக்கு | சுமார் 400 கிராம் | சுமார் 300 கிராம் | சுமார் 300 கிராம் |
| சென்னை வெயில் | ஏசி இல்லாமல் ஆபத்து | தாங்கும், மதியம் தவிர | நன்றாகத் தாங்கும் |
| நடை | 20–30 நிமிடம், இரு வேளை | 45 நிமிடம், இரு வேளை | 30–40 நிமிடம், இரு வேளை |
| பூனையோடு | பெரும்பாலும் முடியாது | பெரும்பாலும் முடியாது | பழக்கினால் பல நாய்களுக்கு முடியும் |
| புதியவர்களிடம் | சாது | ஒதுங்கும், சில சமயம் உறுமும் | நாய்க்கு நாய் மாறும் |
| மறைந்திருக்கும் செலவு | பல், ஏசி, பரிசோதனை, மெத்தை | பழைய காயம், கதவு கிரில், பொறுமை | முதல் மூன்று மாத உண்ணிக் காய்ச்சல் |

## ஓய்ந்த கிரேஹவுண்ட்

### எங்கிருந்து வரும்

சீனாவின் மக்காவ் நகரில் இருந்த கிரேஹவுண்ட் பந்தயத் திடல் 2018-ல் மூடப்பட்டது. ஃபுளோரிடாவில் 2020 முடிவோடு பந்தயம் நின்றது. வீடு தேடும் கிரேஹவுண்டுகள் உலகெங்கும் உண்டுதான். ஆனால் அவற்றில் ஒன்றை இங்கிருந்து தேர்ந்தெடுத்து வரவழைக்க முடியாது. 2016-லிருந்து நாய் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. இனவிருத்தி வணிகத்துக்குக் கொண்டுவருவது தடை. வெளிநாட்டில் வாழ்ந்தவர் ஊர் திரும்பும்போது தன் வளர்ப்பு நாயை உரிய சான்றுகளோடு கொண்டுவரலாம். ஆஸ்திரேலியாவில் தத்தெடுத்து வளர்த்துவிட்டு அதோடு திரும்பி வரும் அண்ணனோ தங்கையோ இருந்தால் மட்டும் அந்த வழி.

இந்தியாவுக்குள் என்றால், கிராமத்து நாய்ப் பந்தயங்கள் நடக்கும் பஞ்சாபிலிருந்து மீட்கப்பட்டவை. அல்லது ஆசைக்கு வாங்கிச் சமாளிக்க முடியாமல் விடப்பட்டவை. வடக்கிலிருந்து ரயிலில் வருவதானால் இரண்டு வழிதான்: முதல் வகுப்பு ஏசியில் கூபே என்னும் தனியறை முழுவதையும் எடுத்துக்கொண்டு உடன் பயணிப்பது, இல்லையென்றால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டி. டெல்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் ஆகும். அந்த இரும்புப் பெட்டியில் மார்ச் முதல் ஜூலை வரை கிரேஹவுண்டை ஏற்றவே கூடாது.

### வீட்டுக்குள் அது எப்படி

எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருக்கும். பகலில் பெரும்பகுதி தூங்கும். குரைப்பது குறைவு. பந்தய நாய்களை வளர்க்கும் கூடங்களில் நாளுக்குப் பல தடவை குறித்த நேரத்தில் வெளியே விட்டுப் பழக்கியிருந்தால், சிறுநீரை அடக்கப் பழகுவது சில நாட்களில் முடிந்துவிடும். அதற்குத் தெரியாதவை வேறு: மாடிப்படி, கண்ணாடிக் கதவு, மிக்ஸி சத்தம், தனிமை. பிறந்ததிலிருந்து மற்ற நாய்களோடு படுத்துறங்கிய நாய், ஒரு காலி ஃபிளாட்டில் ஆறு மணி நேரம் கத்துவது அடம் இல்லை. முதல் மூன்று வாரம் ஒருவர் விடுப்பு எடுத்தாக வேண்டும். 30 விநாடி வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி 1 நிமிடம், 3 நிமிடம், 10 நிமிடம் என்று கூட்டுங்கள். நாய் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுவதில்தான் சூட்சுமம். பதறிய பிறகு வந்தால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும்.

மாடிப்படிக்கு இரண்டு பேர் வேண்டும். கிரானைட் படிகளில் முதலில் வழுக்காத பட்டை ஒட்டுங்கள். கீழிருந்து மூன்றே படிகளில் தொடங்குங்கள். ஒருவர் முன்னால் வேகவைத்த கோழித் துண்டோடு, இன்னொருவர் பின்னால் இடுப்பைத் தாங்கியபடி. முதல் இரண்டு மூன்று தடவை ஒவ்வொரு பாதமாகக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். இறங்குவது ஏறுவதை விடக் கடினம். பயத்தில் நான்கு படிகளை ஒரே தாவாகத் தாவிக் காலை முறித்துக்கொள்ளும். ஆகவே இறங்கப் பழக்குவதையும் அடியில் உள்ள கடைசி இரண்டு படிகளிலிருந்தே தொடங்குங்கள். டைல்ஸ் தரையில் அது நடக்கும் தடம் முழுக்க ரப்பர் அடிப்பாய் போடுங்கள்.

கழுத்து தலையை விடத் தடிமன். சாதாரணக் கழுத்துப்பட்டை பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். மார்ட்டிங்கேல் என்கிற பட்டையே வேண்டும்: பெரிய வளையமும் சிறிய வளையமும் சேர்ந்தது, நாய் பின்வாங்கும்போது மட்டும் இறுகும். காதுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில் மாட்டுங்கள். முழுக்க இறுகிய நிலையிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். தலையைத் தாண்டக் கூடாது. கயிறு 2 மீட்டருக்குள் இருக்கட்டும். இழுத்தால் நீளும் லீஷ் இந்த நாய்க்கு எமன். சில பாய்ச்சல்களிலேயே பெரும் வேகம் பிடித்துவிடும், கயிறு முடிகிற இடத்தில் கழுத்து முறியும்.

தூங்கும்போது தொட்டால் சில நாய்கள் உறுமி எழும், கடிக்கவும் செய்யும். பந்தயக் கூடத்தில் தூங்கும் நாயை ஆட்கள் தொட்டு எழுப்பியதில்லை என்பதே காரணம். படுக்கையை நடைவழியில் போடாமல் மூலையில் போட்டு, பெயர் சொல்லி விழிக்க வைத்த பிறகு தொடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை மட்டும் வைத்தே "வேண்டாம்" என்று முடிவெடுக்கலாம். "உட்கார்" என்று பழக்கி மெனக்கெட வேண்டாம். தொடைத் தசைக்கு அந்த நிலை பலவற்றுக்குச் சுகமில்லை. "நில்", "படு" போதும்.

### மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

தேர்வையே மாற்றிவிடக்கூடிய பகுதி இது. அச்செடுத்து நாயின் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடலில் கொழுப்பு மிகக் குறைவு, சில மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியும் குறைவு. தியோபென்டோன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் மயக்கம் தெளியாமல் நீளும். வேறு மருந்துகள் இருக்கின்றன. கருத்தடை அறுவைக்கோ பல் சுத்தம் செய்யவோ நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். அறுவை முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து ரத்தக் கசிவும் நீலம் பாரிப்பதும் இந்த இனத்தில் உண்டு. அதைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுக்கலாமா என்று பேசுங்கள்.

அடுத்தது ரத்த எண்கள். சென்னையில் நாய்க்குச் சோர்வு, காய்ச்சல் என்றால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். பிளேட்லெட் குறைந்திருந்தால் அது உறுதியானது போலவே சிகிச்சை தொடங்கிவிடும். ஆரோக்கியமான கிரேஹவுண்டுக்கே பிளேட்லெட் மற்ற நாய்களை விடக் குறைவுதான். 1,20,000 என்பது அதற்கு நோயாக இருக்கத் தேவையில்லை. சிவப்பணுக் கன அளவு இதற்கு எதிர்ப்பக்கம் ஏமாற்றும். பிற நாய்களுக்கு 37 முதல் 55 சதவீதம் இயல்பு. கிரேஹவுண்டுக்கு 50-க்கு மேல். ஆய்வகச் சீட்டில் 40 "இயல்பு" என்று அச்சாகி வந்தால், அந்த நாய்க்கு உண்மையில் ரத்தசோகை. தைராய்டு எண்ணும் இயல்பாகவே குறைவு. அதை மட்டும் பார்த்து ஆயுள் முழுக்க மாத்திரை எழுத வேண்டாம். நலமாக இருக்கும்போதே ஒரு முழுப் பரிசோதனை செய்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒப்பிட அதுதான் அளவுகோல். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஆட்டோவில் எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நிம்மதி உண்டு.

### வெயில் கணக்கு

நடை காலை ஐந்தரைக்கு முன் தொடங்கி ஆறரைக்குள் முடிய வேண்டும், மாலையில் ஏழுக்கு மேல். தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. முழு வேகத்தில் அரை நிமிடம் ஓடினாலே உடல் சூடு 41 டிகிரி செல்சியஸ் வரை போகும் நாய் இது. ஆகவே ஓடவிடுவது குளிர்ந்த மாதங்களின் அதிகாலையில் மட்டும், வாரம் ஓரிரு தடவை. ஓடிய பிறகு பத்து நிமிடம் நடக்க வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். தள்ளாட்டம், அடர் சிவந்த நாக்கு, கெட்டியான எச்சில் தெரிந்தால் குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, விசிறிக் காற்றுக்கு நேரே நிறுத்தி, நனைந்தபடியே வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் போங்கள். ஓடிய அன்றோ மறுநாளோ சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அது காலை வரை காத்திருக்கும் விஷயம் இல்லை.

எங்கே ஓடவிடுவது? மொட்டை மாடி வேண்டாம். காக்கையைத் துரத்தி மூன்றடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிடும். கடற்கரை மணலில் தெரு நாய்க் கூட்டம் உண்டு, மெல்லிய தோல் ஒரே கடியில் துணி கிழிவது போலக் கிழியும். சுற்றிலும் மேலும் வலை கட்டிய கிரிக்கெட் டர்ஃப்கள் நகரெங்கும் வந்துவிட்டன. நாயை அனுமதிப்பார்களா என்று கேட்டு, விடிகாலை அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். வெயில் ஏறினால் அந்தச் செயற்கைப் புல் தாரை விடச் சுடும்.

### யாருக்குச் சரி

ஒருவராவது வீட்டிலிருந்து வேலை பார்க்கும் குடும்பம், லிஃப்ட் அல்லது தரைத்தளம், பூனை இல்லாத வீடு, இரவிலும் ஓடும் ஒரு ஏசி. வாயாடாத, சாதுவான துணை வேண்டும் என்பவருக்கு இதை விட நல்ல நாய் கிடைப்பது அரிது. குழந்தைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால் நல்லது.

## வளர்ந்த சிப்பிப்பாறை அல்லது கன்னி

விருதுநகர், தூத்துக்குடி, மதுரைப் பக்கத்து வறண்ட காடுகளில் முயல் துரத்தி வளர்ந்த இனங்கள். கருப்பில் செம்பழுப்புப் பொட்டு வைத்தது பெரும்பாலும் கன்னி. ஒரே நிறத்தில் வருவது சிப்பிப்பாறை. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இந்தப் பெயர்கள் வந்ததும் ஆர்வம் கூடியது. வாங்கியவர்களில் சிலர், நாய்க்கு ஒரு வயதானதும் சோபாவும் செருப்பும் பொறுமையும் தீர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். தென்மாவட்டங்களில் ஓட்டம் குறைந்ததும் ஒதுக்கப்படும் நாய்களும் உண்டு. தத்தெடுக்க வருவது இந்த இரண்டு வகைதான், இரண்டும் வேறு வேறு நாய்கள். நகரத்தில் விடப்பட்டது மனிதர்களிடம் பழகியிருக்கும், ஒழுங்கு இருக்காது. ஊரில் வேட்டைக்குப் போனது சொல் கேட்கும், ஆனால் டிவி சத்தத்துக்கும் தடியை ஓங்கும் கைக்கும் நடுங்கும்.

ஊர் நாயை எடுக்கும்போது பாதங்களையும் விலாவையும் தடவிப் பாருங்கள். உள்ளே தங்கிய முள், கம்பி வேலி கிழித்து ஒழுங்காகத் தைக்காத தழும்பு, சங்கிலி அறுத்த கழுத்து, இவைதான் மறைந்திருக்கும் செலவு. கம்பங்கூழும் மிச்சச் சோறும் தின்று வளர்ந்திருந்தால் புதுத் தீனியை பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் கழிச்சல். "சும்மா ஒரு தடவை காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று பழைய சொந்தக்காரர் கேட்டால் இடம் கொடுக்காதீர்கள். முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வழக்கு நாயை வைத்திருப்பவர் மீதும் வரும்.

வெயிலில் இது கிரேஹவுண்டை விட வெகுவாகத் தேவலை. மின்விசிறியும் நிழலும் தண்ணீரும் போதும், அக்னி நட்சத்திர மதியம் தவிர. ஆனால் கதவு விஷயத்தில் இன்னும் கடினமான நாய் இதுதான். கிரேஹவுண்ட் திறந்த கதவைப் பார்த்து ஓடும். இது திறக்காத கதவையும் ஆராயும். ஐந்தடிக் காம்பவுண்டுச் சுவரை நின்ற இடத்திலிருந்து தாவும். மரக்கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கேட் போட்டு, ஒன்று பூட்டிய பிறகே மற்றொன்று திறக்கும் என்பதை வேலைக்கு வரும் அக்கா முதல் கேஸ் போடுபவர் வரை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கிரில் கேட்டின் அடி இடைவெளியையும் பாருங்கள்: ஒரு சாண் இருந்தால் ஒல்லியான கன்னி படுத்து நுழைந்துவிடும்.

ஒருவரோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. அதுதான் அழகு, அதுதான் சிக்கலும். அந்த ஒருவர் ஆன்சைட் போய்விட்டால் நாய் சாப்பிடாமல் கிடக்கும். முதல் நாளிலிருந்தே தீனியை ஒருவர், நடையை மற்றொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இருவர் இருக்கும் வீடு என்று மேலே சொன்னது இதற்காகத்தான். விருந்தாளி வந்தால் கையை நீட்டி நாயைத் தொடச் சொல்லாதீர்கள். அதுவாக வந்து முகரும் வரை யாரும் அதன் கண்ணைப் பார்க்க வேண்டாம்.

கொழுப்பு குறைந்த உடல் என்பது இதற்கும் பொருந்தும். மயக்க மருந்து எச்சரிக்கையை இங்கேயும் சொல்லுங்கள்.

## சிப்பிப்பாறை, கன்னிக் குட்டி

விலையைப் பார்த்து மலிவு என்று தோன்றும். ஒன்றரை வயது வரை வீட்டில் ஒரு மேசைக் கால்கூட மிஞ்சாது; முதல் நான்கு மாதம், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பயத்தில் தெருவில் விடவும் முடியாது, விடாமல் இருந்தால் மனிதர்களையும் சத்தத்தையும் பழகாமல் பயந்த நாயாகிவிடும். கையில் தூக்கிக்கொண்டு தினமும் சந்தை, பேருந்து நிறுத்தம் என்று காட்டிவர ஆள் வேண்டும். தாய் தகப்பனை நேரில் காட்டாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். நெருங்கிய ரத்தத்தில் சேர்த்த குட்டிகள் சந்தையில் அதிகம். தனி வீடும், முன்பு நாய் வளர்த்த அனுபவமும், பகல் முழுக்க ஆளும் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

## தெரு நாட்டு நாய்

வேளச்சேரி ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் வளர்ந்த நாய்களே நிறைய உண்டு. இந்த வெயில், இந்த உணவு, இந்தத் தெரு எல்லாம் பழகிய உடம்பு. எந்த மருத்துவருக்கும் தெரிந்த ரத்த எண்கள். தனியாக விடுவதையும் மற்றவற்றை விட எளிதாகப் பழகும். எடுத்த உடனே உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை செய்துவிடுங்கள். உண்ணி நாயின் மேல் மட்டும் இல்லை, சுவர் விரிசலில்தான் முட்டையிடும். படுக்கும் இடத்துச் சுவரைப் பூசி அடைப்பது மாத்திரைக்கு நிகரான வைத்தியம்.

பூனை இருக்கும் வீட்டில் எந்த நாயையும் எடுக்கும் முன் ஒரு சோதனை. வாய்க்கூடு போட்டு, கயிற்றில் பிடித்து, மூன்று மீட்டர் தூரத்தில் பூனையைக் காட்டுங்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு வாய் திறக்கும் கூடை வகையாக இருக்கட்டும். பார்த்துவிட்டுக் கோழித் துண்டுக்குத் திரும்பினால் பழக்கலாம். காது விறைத்து, உடல் நடுங்க, மூக்கருகே கோழியை நீட்டியும் கண் எடுக்காவிட்டால் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு இல்லை. ஓடும் இனங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகையில்தான் விழும்.

## எப்போது அழைத்து வருவது

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாதம் முக்கியம். ஐப்பசியில் எடுத்தால் புது வீட்டின் பயம் தீரும் முன்பே தீபாவளி வெடி வந்துவிடும். வெடிச் சத்தத்தில் கயிற்றை உருவிக்கொண்டு ஓடும் நாய்கள் அந்த வாரத்தில்தான் அதிகம். கார்த்திகையில் அடைமழை, நடைக்கு வழியில்லை, தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல். மார்கழி முடிவில் போகி மேளமும் புகையும். பொங்கல் முடிந்த வாரத்தில் எடுங்கள். தை, மாசி, பங்குனி என்று குளிர்ந்த அதிகாலைகளாக மூன்று மாதம் கிடைக்கும். படி, கதவு, தனிமை மூன்றையும் பழக்கி முடிக்கும்போது சித்திரை வெயில் தொடங்கியிருக்கும், நாய்க்கும் அதற்குள் வீட்டில் எந்த மூலை குளிர்ச்சி என்று தெரிந்திருக்கும்.